அந்த உறுமியை அடித்தவர் பெயரைப் போடுங்கள்: இசையமைப்பாளர்களுக்கும் ரிதம் புரோகிராமர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரையிசையிலும் தனியிசையிலும் இசையமைக்கும் அனைவருக்கும், ரிதம் புரோகிராமர்களுக்கும், சாம்பிள் லைப்ரரி (பதிந்த வாத்திய ஒலிகளின் தொகுப்பு) தயாரித்து விற்பவர்களுக்கும்,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் (குச்சியால் தட்டினால் தாள வாத்திய ஒலி தரும் மின்னணுப் பலகை) வாசித்துத் தொடங்கியவன். இப்போது சென்னையில் ரிதம் புரோகிராமிங், அதாவது பாட்டுக்கான தாளத்தைக் கம்ப்யூட்டரில் அடுக்கும் வேலை, செய்து பிழைக்கிறேன். டிரம் மெஷின் கூடாது என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அது எனக்குச் சோறு போடும் கருவி. நான் கேட்பது ஒன்றுதான். நம் பாட்டில் ஓடுகிற உறுமி, பறை, தவில், பம்பை லூப்பை (திரும்பத் திரும்ப ஓடவிடும் பதிவுத் துண்டை) வாசித்த மனிதரின் பெயரைப் பாட்டோடு சேர்த்துப் போடுங்கள். அந்த ஒலி சம்பாதிக்கிற இடத்தில் அவருக்கும் ஒரு பங்கு போய்ச் சேர எழுத்தில் வழி செய்யுங்கள்.

எல்லா டிரம் மெஷினுக்கும் இது பொருந்தாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "இந்த இடத்துல ஒரு 808 போட்டுப் பாருங்க" என்பது இன்று எந்த ஸ்டூடியோவிலும் சகஜமான பேச்சு. 1980-ல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 என்ற பெட்டியின் பேஸ் டிரம் அது. அந்தப் பெட்டிக்குள் எந்த டிரம்மரும் கிடையாது. ஒரு மின்சுற்றைத் தட்டிவிட்டால் அது அதிர்ந்து அடங்குமே, அந்த ஓசைதான் நாம் கேட்கும் பேஸ் டிரம். கௌபெல் என்ற மணியோசை இரண்டு ஆசிலேட்டர்கள், அதாவது மின் அதிர்வை எழுப்பும் சுற்றுகள். ஹைஹாட்டும் சிம்பலும் ஆறு ஆசிலேட்டர்களைக் கலந்து வடிகட்டியவை. நிறுவனர் இகுடாரோ ககேஹாஷி, தரம் தேறாதவை என்று ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கித்தான் அந்தச் சீறலை வரவழைத்தார். உற்பத்தித் தரம் உயர்ந்து பழுதான டிரான்சிஸ்டர் கிடைக்காமல் போனதும் 1983-ல் 808-ம் நின்றுபோனது. மொத்தம் சுமார் 12,000 பெட்டிகள்தான் செய்தார்கள். நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லை என்று அன்று பலர் ஒதுக்கிய அந்த ஒலி, ஹிப்ஹாப்பின் அடித்தளமாகி, இன்று நம் ஊர் ராப் பாட்டு வரை வந்து நிற்கிறது. 808-ஐ எத்தனை முறை பயன்படுத்தினாலும் எந்த வாத்தியக்காரருக்கும் நாம் கடன்படவில்லை. அது மின்சுற்றுக்கே சொந்தமான குரல்.

இந்த இடத்தில் சரண்ஜித் சிங்கை நினைக்காமல் கடக்க முடியவில்லை. பம்பாய் திரையிசையில் வாசித்துக்கொண்டிருந்தவர். 1982-ல் 808-ஐயும் டிபி-303 என்ற பேஸ் சிந்தசைசரையும் ஜூபிட்டர்-8 சிந்தசைசரையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். அன்று விற்கவில்லை. உலகம் அதைக் கண்டெடுத்துக் கொண்டாட ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. அவர் 808-ஐத் தபலா மாதிரி வாசிக்க வைக்கவில்லை. மெஷினை மெஷினாகவே பேசவிட்டார். இன்று கேட்டாலும் மெய் சிலிர்க்கிறது.

808 வந்த அதே 1980-ல் இன்னொரு பெட்டியும் வந்தது. அமெரிக்காவின் ரோஜர் லின் செய்த எல்எம்-1. இதில் மின்சுற்று ஓசை எழுப்பவில்லை. ஒரு ஆள் நிஜ டிரம்ஸை அடிக்க, அதைப் பதிந்து டிஜிட்டலாகச் சிப்பில் ஏற்றியிருந்தார்கள். மெமரி அப்போது தங்கம் விலை விற்றது. நீண்டு ஒலிக்கும் கிராஷ் சிம்பலுக்கு இடமில்லை என்று அதை விட்டேவிட்டார்கள். விலை 5,000 டாலரை ஒட்டி இருந்தது. விற்றது சுமார் 500. ஆனால் 1980-களின் பாப் இசையையே அந்த 500 பெட்டிகள் மாற்றிப்போட்டன. அதிலுள்ள பெரும்பாலான அடிகளை அடித்தவர் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டூடியோ பதிவுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்த ஆர்ட் வுட் என்ற டிரம்மர். இது நமக்கு எப்படித் தெரியும்? ரோஜர் லின்னே அந்தப் பெயரைச் சொன்னார். அதனால் தெரியும்.

இன்று நாம் பயன்படுத்தும் கருவிகளில் பெரும்பாலானவை எல்எம்-1-இன் வாரிசுகள். கம்ப்யூட்டரில் இருக்கும் லைப்ரரி ஆகட்டும், மேடையில் இருக்கும் எஸ்பிடி-எஸ்எக்ஸ் ரிதம் பேட் ஆகட்டும், உள்ளே ஒருவருடைய கை இருக்கிறது. பட்டனை அழுத்தும்போது ஒலிப்பது மெஷின் இல்லை. என்றோ ஒரு நாள் ஒரு அறையில் உட்கார்ந்து ஒருவர் அடித்த அடி.

அந்தக் கையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே அறிந்த கதை ஒன்று உண்டு. 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு ஒரு இசைத்தட்டின் பின்பக்கத்தில் ஒரு பாட்டைப் பதிந்தது. நடுவே மற்ற வாத்தியங்கள் நிற்க, டிரம்ஸ் மட்டும் நான்கு பார் (தாளச் சுற்று) தனியாக வாசிக்கும். ஏழு வினாடிகூட இருக்காது. 'அமென் பிரேக்' என்று நாம் அறிவது அதைத்தான். 1980-களின் பிற்பகுதியில், பதிந்த ஒலியை வெட்டியெடுத்து வாசிக்க உதவும் சாம்ப்ளர்கள் பரவியதும் ஹிப்ஹாப் அதை எடுத்துக்கொண்டது. ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்று முழு இசை வகைகளே அதன்மேல் எழுந்தன. வாசித்தவர் கிரிகோரி கோல்மன். இப்படி எடுத்தாண்டதிலிருந்து அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 2006-ல் அட்லாண்டாவில் வீடில்லாதவராக இறந்தார். 2015-ல் இங்கிலாந்து டிஜே ஒருவர் இணையத்தில் நிதி திரட்டி, சுமார் 24,000 பவுண்டைக் குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் சேர்த்தார். கோல்மன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் குழுவில் வாசித்த டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் அடியையும் இப்படித்தான் பலர் எடுத்துக்கொண்டார்கள்.

இது அமெரிக்கக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் மேடைகளைப் பாருங்கள். ஆக்டோபேட், எஸ்பிடி-20 போன்ற ரிதம் பேடுகள் வந்த பிறகு மெல்லிசைக் குழுவில் ஒரே ஆள் தபலா, டோலக், தவில், பறை எல்லாவற்றையும் குச்சியால் வாசிக்கிறார். பேடில் ஏற்றி வைத்த வாத்திய ஒலியை 'டோன்' என்று சொல்வோம். ஒருவர் நல்ல தவில் டோன் வைத்திருந்தால் ஊர் ஊராகப் பேட் வாசிப்பவர்கள் கேட்டு வாங்குவார்கள். மெமரி கார்டிலிருந்து பென் டிரைவுக்கு, அங்கிருந்து இன்னொரு கார்டுக்கு. "இது யார் டோன்?" என்று கேட்டால் டோனை ஏற்றிக் கொடுத்தவர் பெயர் வரும். அந்தத் தவிலை வாசித்தவர் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கழி பிடித்து, பிள்ளைப் பருவத்திலிருந்து சாதகம் செய்து கைக்கு வந்த சொல் அது. இன்று கார்டு கார்டாகப் பெயரில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

லைப்ரரிக்கு எப்படிப் பதிகிறோம் என்பதைப் பலரும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு உறுமிப் பதிவுக்கு நான் உடனிருந்தேன். வாசிப்பவர் தேனிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார், அறுபதை நெருங்கும் வயது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர். "அண்ணே, ஒரு அடி மட்டும் அடிங்க. சத்தம் முழுசா அடங்கினப்புறம் அடுத்த அடி. முதல்ல மெதுவா, அப்புறம் கொஞ்சம் பலமா, அப்புறம் முழு பலத்தோட." ஒவ்வொரு அடியையும் பல அழுத்தங்களில், ஒவ்வொரு அழுத்தத்திலும் பல தடவை பதிந்தால்தான் பிறகு கீபோர்டில் வாசிக்கும்போது மெஷின் மாதிரி இல்லாமல் மனிதன் மாதிரி இருக்கும். அவர் முயன்றார். ஒற்றை அடியில் நிற்க வரவில்லை. கை தானாக அடுத்ததற்குப் போய்விடுகிறது. ஒரு தலையில் நேர்க்குச்சி விழும்போதே மறு தலையில் வளைந்த குச்சி தோலை அழுத்தி இழுக்கத் தொடங்கிவிடும். அந்த இழுவையில்தானே உறுமல் இருக்கிறது. "தம்பி, ஒத்த அடியில உறுமி இல்ல. வேணும்னா நான் அடிச்சிக்கிட்டே போறேன், நீங்க வெட்டிக்கிருங்க" என்றார்.

அப்படியே செய்தார்கள். அவர் வாசித்துக்கொண்டே போனார். வேகம் ஏற ஏற இழுவை நீண்டது, குறுகியது. ஒரு கட்டத்தில் உறுமி அழுவது போலவே இருந்தது. பதிவறையில் ஒருவரும் அசையவில்லை. முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாமி வந்து இறங்குற எடத்துல இப்படித்தான் போகும்" என்றார். பிறகு அதைக் கிளிக்குக்கு (வேகத்தை அளந்து காட்டும் சீரான டிக் ஒலிக்கு) உட்கார வைத்தார்கள், துண்டு போட்டார்கள், ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணும் வேகமும் கொடுத்தார்கள். கோப்பின் பெயரில் உறுமி என்று இருந்தது, டெம்போ இருந்தது, லூப் எண் இருந்தது. அவர் பெயர் இல்லை. ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் கொடுத்து அனுப்பினார்கள். கையெழுத்து வாங்கியது ஒரு வவுச்சரில். அந்த ஒலி எங்கெங்கே போகும், யார் யாருக்கு விற்கப்படும் என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. அந்த உறுமி இன்று பல பாட்டுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் எனக்கு அவர் கை தெரிகிறது.

இதைச் சாதியை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மை ஆகாது. பறை அடித்தவரை ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்த சமூகம் இது. சாவுக்கு அடி என்று கட்டாயப்படுத்தியது, கூலியாகச் சாராயத்தையும் மிச்சச் சோற்றையும் கொடுத்தது. அந்தக் கட்டாயத்தை உதறவே பறையைத் தொடமாட்டோம் என்று முடிவெடுத்த தலைமுறையும் உண்டு. அதே பறையை விடுதலையின் கருவியாகக் கையில் எடுத்த தலைமுறையும் உண்டு. 2025-ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நம்மில் பலர் மகிழ்ந்து பகிர்ந்தோம். குத்துப் பாட்டுக்கு அந்த அடி வேண்டும், திரையரங்கில் விசில் பறக்க அந்த அடி வேண்டும், ஆனால் அடித்தவர் பெயர் மட்டும் வேண்டாம் என்றால், நாம் செய்வதும் அந்தப் பழைய ஊர் செய்ததும் ஒன்றேதான். வயலின் வாசித்தவர்களுக்கும் புல்லாங்குழல் வாசித்தவருக்கும் பெயர் போடும் ஆல்பத்தில், பறைக்கும் உறுமிக்கும் நேராக 'ரிதம் புரோகிராமிங்' என்று என் போன்றவன் பெயர் நிற்கிறது. நான் அடுக்கினேன், அடித்தது நான் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கவனியுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 'நிகழ்த்துவோர்' என்பதற்கான விளக்கம், நடிகர், பாடகர், இசைக்கலைஞர் தொடங்கி பாம்பாட்டி வரை நீள்கிறது. உறுமி வாசிப்பவர் அதில் சந்தேகமில்லாமல் அடங்குவார். அவர் நிகழ்த்தியதன் மீது அவருக்கு 50 ஆண்டுகள் உரிமை உண்டு. 2012-ல் வந்த திருத்தம் இதை இன்னும் வலுவாக்கியது. படத்தில் சேர்க்க எழுத்தில் ஒப்புதல் தந்துவிட்டால் பிறகு தயாரிப்பாளரைத் தடுக்க முடியாது என்று சொல்லும் 38ஏ பிரிவே, அந்த நிகழ்த்துதல் வணிகத்துக்குப் பயன்படும்போது ராயல்டி பெறும் உரிமை கலைஞருக்கு உண்டு என்றும் சொல்கிறது. 38பி, நிகழ்த்தியவர் தன்னை அடையாளம் காட்டும்படி கேட்க உரிமை தருகிறது.

ஆனால் 'நிகழ்த்துவோர்' பற்றிய அதே விளக்கத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு போகிற போக்கில் வந்ததாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில்கூடப் பெயர் வராதவராக இருந்தால், பெரும்பாலான உரிமைகளைப் பொறுத்தவரை அவர் நிகழ்த்துவோராகவே கருதப்பட மாட்டார். இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். 'இவங்க பேரெல்லாம் வழக்கமா போடறதில்ல' என்ற நம் அலட்சியமே நாளை அவருடைய உரிமைக்கு எதிரான ஆதாரமாக நிற்க முடியும். நாம் பெயர் போடுவது மரியாதைக்கு மட்டும் இல்லை. அவர் கையில் இருக்கக்கூடிய ஒரே சான்று அது.

இதைப் பேசினால் வழக்கமாக வரும் பதில்கள் எனக்குத் தெரியும். அந்த அடி ஊர்ப் பொதுச்சொத்து, ஒத்தையடிக்கும் சாமியாட்ட அடிக்கும் யார் சொந்தம் கொண்டாட முடியும் என்பார்கள். அடி பொதுவானதுதான், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், மெஷினில் நீங்களே கட்டிக்கொள்ளலாம். அந்த அடியை அன்று அந்த மைக் முன் வாசித்த வாசிப்பு பொதுவானது இல்லை. ஒரு கீர்த்தனை பொதுவில் இருக்கிறது என்பதற்காக அதைப் பாடியவரின் ரெக்கார்டிங்கை நாம் எடுத்துப் போட்டுக்கொள்வோமா?

காசு கொடுத்து லைப்ரரி வாங்கியாயிற்று, ராயல்டி ஃப்ரீ என்று போட்டிருக்கிறது என்பது அடுத்த பதில். அந்த உரிமம் விற்றவருக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு. வாசித்தவருக்கும் விற்றவருக்கும் நடுவே என்ன நடந்தது என்று அது சொல்லாது. வாங்குவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: இதில் வாசித்தது யார், எந்த ஊர், என்ன ஒப்பந்தம்? பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். கேள்வி கேட்கும் வாடிக்கையாளர்கள் கூடினால் விற்பவர் தானாகப் பெயர் எழுதத் தொடங்குவார்.

பட்ஜெட் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் ஒரு லேப்டாப்பை வைத்துப் பாட்டுக் கட்டும் இளைஞரால் ஊரிலிருந்து நையாண்டி மேளக் குழுவை வரவழைக்க முடியாது. அவர் லூப் போடட்டும். டிரம் மெஷின் இல்லாவிட்டால் அவர் பாட்டே வெளிவந்திருக்காது. 1982-ல் லண்டனில் இசைக்கலைஞர் சங்கத்தின் ஒரு கிளை, சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டுப் பார்த்தது. எதுவும் நிற்கவில்லை. நம் ஊரிலும் அந்த வழியில் பயனில்லை. ஆனால் பெயர் போடுவதற்குப் பட்ஜெட் எதற்கு?

பெரிய படங்களுக்கு இசையமைக்கும் உங்களிடம் கூடுதலாகக் கேட்கிறேன். உங்களால் ஆளை வரவழைக்க முடியும். வரவழையுங்கள். கிளிக்கைக் காதில் மாட்டிவிட்டு நான்கு பார் மட்டும் வாசிக்கச் சொல்லி, மிச்சத்தைக் காப்பி பேஸ்ட் செய்யாதீர்கள். பாட்டு முழுக்க வாசிக்க விடுங்கள். பறைக்குழுவில் ஒருவர் திருப்பம் கொடுக்கும்போது மற்றவர்கள் முகம் பார்த்துச் சேர்வார்களே, அது நான்கு பாருக்குள் வராது. தோல் இளகினால் நெருப்பில் காட்டிச் சூடேற்ற ஸ்டூடியோவுக்கு வெளியே ஒரு இடமும் நேரமும் கொடுங்கள். ஃபயர் அலாரம் அடிக்கும் என்று ஹீட்டரில் காட்டச் சொல்லும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். இதைக் கேட்க அவர்கள் கூச்சப்படுவார்கள். நீங்களாகவே ஏற்பாடு செய்யுங்கள்.

பதிவுக்கு முன் ஒரு பக்க ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். அதை வாய்விட்டு வாசித்தும் காட்ட வேண்டும். இந்த ஒரு பாட்டுக்கா, படத்தின் பின்னணி இசைக்குமா, துண்டு போட்டு லைப்ரரியாக விற்கவா, ரிதம் பேட் டோனாகவா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம், தனித்தனியாகத் தொகை. லைப்ரரியாக விற்றால் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு விழுக்காடு. முடிந்த பாட்டிலிருந்து டிரம்ஸை மட்டும் பிரித்தெடுக்கும் மென்பொருள் இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. ஒலியைக் கொடுத்து செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி அளிப்பதும் நடக்கிறது. ஆகவே அதற்குச் சம்மதமா இல்லையா என்ற கேள்வியும் அந்தத் தாளில் தனி வரியாக இருக்கட்டும். ஒரு பிரதி கலைஞர் கையில் போக வேண்டும்.

கலைஞர்களுக்காக உழைக்கும் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து ஒரு நாள் வந்து வாசித்துவிட்டுப் போகிறவரிடம் உறுப்பினர் அட்டை இருக்காது. அட்டை இல்லை என்பதற்காக அவர் பெயர் செஷன் ஷீட்டில் (பதிவில் யார் வாசித்தார்கள் என்று குறிக்கும் தாளில்) விடுபட வேண்டாம். அந்த ஒப்பந்தத்தின் மாதிரியை நீங்களே தயாரித்துக் கொடுத்தால் எந்த ஸ்டூடியோவும் தட்டிக்கழிக்க முடியாது.

ரிதம் புரோகிராமர் நண்பர்களே, நம் பங்குக்கு இன்றே செய்யக்கூடியது இருக்கிறது. யாருடைய அனுமதியும் தேவையில்லை. பதிவு நடக்கும்போதே டிராக்கின் பெயரில் வாத்தியத்தோடு வாசித்தவர் பெயரையும் ஊரையும் அடியுங்கள். கோப்பை மிக்ஸிங்குக்கு அனுப்பும்போது கிரெடிட் பட்டியலைத் தனியாக எழுதி அதே ஃபோல்டரில் வையுங்கள். பாட்டு ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் போகும்போது கலைஞர் விவரம் நிரப்பும் படிவத்தில் பறை, உறுமி, தவில் என்று எழுத இடமிருக்கிறதா என்று மியூசிக் லேபிளில் கேளுங்கள். இல்லையென்றால் 'பெர்கஷன்' என்றாவது அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் பெயரில்லாமல் கிடக்கும் லூப்புகளுக்கு, அந்தச் செஷனில் இருந்தவர்களிடம் போன் போட்டு விசாரியுங்கள். தேனியிலிருந்து வந்த அந்த உறுமிக் கலைஞரின் பெயரையும் எண்ணையும் அப்படித்தான் தேடிப் பிடித்தேன். அவரிடம் பேசி, சம்மதம் வாங்கி, என்னிடம் உள்ள அத்தனை கோப்புகளிலும் அவர் பெயரைச் சேர்த்துவிட்டேன். என் வேலையில் அந்த உறுமி இனி எங்கே ஒலித்தாலும் அவர் பெயரோடுதான் போகும். லைப்ரரி விற்றவர்களிடம் அவருடைய பங்கு பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு ரிதம் புரோகிராமர்
சென்னை